சுறாவும் திருக்கையும்: எண்ணாமல் காக்க முடியுமா?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் மாவட்டத்தில் பெய்யும் மழை கடலுக்குத்தான் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஓடைகளும் அர்ச்சுனா நதியும் வைப்பாற்றில் சேர்கின்றன. வைப்பாறு சாத்தூரைக் கடந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்த நீர்வழியின் மலை முனையில் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. கடல் முனையில் 1989இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது.

இரண்டு முனைகளிலும் உள்ள விலங்குகளைக் காப்பது ஒரே சட்டம்: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது. நம் மீனவர்கள் அம்மணி உழுவை என்று அழைக்கும் திமிங்கலச் சுறாவும் அதே அட்டவணையில் இருக்கிறது.

மாணவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நல்ல கேள்வி வரும். புலியைத் தானியங்கிக் கேமரா வைத்து, வரியைப் பார்த்து எண்ணலாம். கடலுக்குள் இருக்கும் சுறாவை யார் எண்ணுவது? எண்ணாமல் எப்படிச் சட்டம் போடுவது? சுறா, திருக்கைகளைக் காக்க உழைக்கும் அறிவியலாளர்களின் வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

எலும்பில்லாத உறவினர்கள்

சுறாவும் திருக்கையும் பார்க்க வேறுவேறாக இருந்தாலும் நெருங்கிய உறவினர்கள். இரண்டுக்கும் எலும்புக்கூடு கிடையாது. உடலைத் தாங்குவது குருத்தெலும்பு. நம் காது மடலில் இருப்பதும் அதே வகைத் திசுதான். செவுள்களை மூடும் தட்டும் இவற்றுக்கு இல்லை. செவுள் பிளவுகள் வெளியே வரிசையாகத் தெரியும். சுறாவுக்கு அவை தலையின் பக்கவாட்டில் இருக்கும். திருக்கைக்கு உடலின் அடிப்பகுதியில் இருக்கும். உலகில் இவ்வகை மீன்கள் 1,200 இனங்கள் வரை அறியப்பட்டுள்ளன.

இடைப்பட்ட தோற்றம் உள்ளவையும் உண்டு. உழுவை எனப்படும் மீன்களுக்கு வால் சுறாவைப் போலவும், தலை தட்டையாகத் திருக்கையைப் போலவும் இருக்கும். வேளா மீனுக்கு முகத்தின் முன்னால் இருபுறமும் பல் வைத்த வாள் நீண்டிருக்கும். இவை இரண்டும் சுறாவா, திருக்கையா? அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் செவுள் பிளவுகள் கீழே இருக்கும். ஆகவே அறிவியல் கணக்கில் திருக்கைக் கூட்டம்தான். வெளித்தோற்றத்தை நம்பாமல் உறுப்பைப் பார்த்து வகைப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கோட்டை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. அந்தக் கோடு வேளா மீனின் வாளாக இருக்க இடமுண்டு. அப்படியானால், ஒருகாலத்தில் நம் கரையில் அடிக்கடி கிடைத்த மீன் அது. இன்று ஒரு வேளா மீன் வலையில் சிக்கினால் ஆய்விதழில் குறிப்பு எழுதும் அளவுக்கு அரிதாகிவிட்டது.

ஏன் இவை மட்டும் தாங்குவதில்லை?

சாளை மீன் ஓராண்டுக்குள் பருவமடைகிறது. ஒரு பெண் மீன் பல்லாயிரம் முட்டைகள் இடுகிறது. அதிகமாகப் பிடித்துவிட்டாலும் ஓரிரு நல்ல ஆண்டுகளில் கூட்டம் மீள வாய்ப்புண்டு. சுறாவின் வாழ்க்கை வேறு. பெரிய இனங்கள் பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். கொம்பன் சுறா வகைகளில் ஒன்று ஒரு முறைக்கு 12 முதல் 40 குட்டிகள் வரை ஈனும். கொம்புத் திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

இனப்பெருக்கத்தில் யானையைப் போன்ற ஒரு விலங்கைச் சாளையைப் போல வலை போட்டுப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் வெளியான இரண்டு உலகளாவிய ஆய்வுகள் காட்டின. திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்றது ஒன்று. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன என்றது மற்றொன்று. முதன்மைக் காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுறாவைத் தேடிப் போகும் படகுகள் குறைவு. இறாலுக்கும் மற்ற மீன்களுக்கும் போடும் இழுவலையிலும் செவுள் வலையிலும் சுறாவும் திருக்கையும் சேர்ந்து வருகின்றன. இந்தியச் சுறா மீன்பிடிப்பை ஆராய்ந்த திவ்யா கர்னாட் போன்றவர்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான்: வேண்டி வீசாத வலையில் வருகிற மீனை வெறும் தடையால் காப்பது கடினம்.

மீன் இறங்குதளத்தில் நடக்கும் அறிவியல்

1947 பிப்ரவரி 3 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதன் மையங்கள் இன்றும் இயங்குகின்றன.

இந்தியக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. எனவே நிலையத்தின் பணியாளர்கள் தளங்களையும் நாள்களையும் படகுகளையும் மாதிரியெடுப்பு முறையில் தேர்ந்து, அன்று வந்த மீனை எடை போட்டு, இனம் பிரித்துப் பதிகிறார்கள். அதிலிருந்து மாநிலத்துக்கும் நாட்டுக்குமான மதிப்பீடு கணக்கிடப்படுகிறது. நாம் புள்ளியியல் பாடத்தில் நடத்தும் மாதிரியெடுப்புதான் இது. அதிகாலையில், மீன் ஏலம் போவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்பதுதான் வேறுபாடு.

சுறா வந்தால் கூடுதலாகச் சிலவற்றைப் பார்ப்பார்கள். நீளம் எவ்வளவு? ஆணா, பெண்ணா? ஆண் சுறாவின் அடித்துடுப்புகளை ஒட்டி இரண்டு பற்றுறுப்புகள் இருப்பதால், குட்டியாக இருந்தாலும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வயிற்றில் குட்டி உண்டா? என்ன தின்றிருக்கிறது? வயதை அறிய முதுகெலும்புத் துண்டை மெல்லியதாக வெட்டி வளையங்களை எண்ணுவார்கள். மரத்தின் ஆண்டு வளையத்தைப் போலத்தான்.

இப்படிச் சேர்ந்த கணக்குதான் ஆபத்தைக் காட்டியது. இந்தியாவில் 1998இல் ஏறத்தாழ 75,000 டன்னாக இருந்த சுறா, திருக்கை வரத்து, 2013இல் 50,000 டன்னுக்குக் கீழே இருந்தது. படகுகளின் ஆற்றல் கூடிக்கொண்டிருந்த காலத்தில் மீன் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2015இல் ஷோபா ஜோ கிழக்கூடன், விவேகானந்தன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் இந்தியாவின் சுறா பாதுகாப்புத் தேசியத் திட்டத்துக்கான வழிகாட்டி ஆவணத்தை இந்நிலையத்தின் வழியாக வெளியிட்டனர்.

ஐந்து மாதத்தில் மாறிய பட்டியல்

ஆய்வு சட்டமாகும்போது என்னென்ன நடக்கும் என்பதற்கு 2001ஆம் ஆண்டு நல்ல பாடம்.

அதுவரை குசராத்தின் சௌராட்டிரக் கரையில் அம்மணி உழுவையை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி வந்தார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அந்த வேட்டையை உலகுக்குக் காட்டியது. 2001 மே மாதம் அம்மணி உழுவை முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடல் மீன் ஒன்று அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு ஜூலை 11 அன்று மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் அந்த அட்டவணையில் சேர்த்தது. ஒரே அறிவிப்பில், நம் சந்தையில் நாள்தோறும் விற்கும் திருக்கையும் புலிக்குச் சமமானது. வலையில் தானாக வந்த மீனுக்காக மீனவர் சிறைக்குப் போக நேரலாம் என்ற நிலை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரம் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பெயர்பெற்றது. அங்கெல்லாம் முழுத் தடை என்பது அடுப்பு எரியாது என்பதற்குச் சமம். மீனவர்கள் எதிர்த்தனர். டிசம்பர் 5 அன்று பட்டியல் பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது.

சிவகாசி, சாத்தூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்து, புகை குறைந்த பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்தது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. ஆய்வகத்தில் அளந்த ஓர் எண், நீதிமன்றத்தில் ஒரு வரியாகி, நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டு வருமானத்தைத் தொட்டது. நல்ல காற்றும் வேண்டும், வேலையும் வேண்டும் என்ற இருபக்கத் தேவையை இந்தப் பிள்ளைகள் அனுபவத்தில் அறிவார்கள். தூத்தூர் மீனவரின் நிலையை அவர்களால் எளிதில் புரிந்துகொள்ள முடியும். எல்லாவற்றையும் தடு என்பதும், எதையும் தடுக்காதே என்பதும் தீர்வல்ல என்றால், எதை, எவ்வளவு, எப்போது என்று சொல்ல யாராவது எண்ணியிருக்க வேண்டும். அறிவியலாளரின் பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

பெயர் தவறினால் பாதுகாப்பும் தவறும்

பத்து இனங்களாகச் சுருங்கிய பட்டியலிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதில் ரிங்கோபேட்டஸ் ஜிட்டென்சிஸ் என்ற பெரிய உழுவை இனம் இடம்பெற்றது. நம் கரையில் கிடைக்கும் பெரிய உழுவைகளை நூல்கள் நெடுங்காலம் அந்தப் பெயரிலேயே குறித்துவந்தன. பிற்கால வகைப்பாட்டு ஆய்வுகள், அந்த இனம் செங்கடல் முதல் தென்னாப்பிரிக்கா வரையுள்ள மேற்கு இந்தியப் பெருங்கடலில் வாழ்வது என்றும், நம் கரையில் கிடைப்பவை அதன் நெருங்கிய வேறு இனங்கள் என்றும் தெளிவுபடுத்தின. சட்டத்தில் ஒரு பெயர். படகில் வேறொரு மீன். இவை உலக அளவில் மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் உள்ள இனங்கள் என்பதால், இது வெறும் எழுத்துப்பிழை போன்றதன்று.

மறுபுறம், பட்டியலில் பெயர் இருந்தும் மீனைக் காண முடியாத நிலையும் உண்டு. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்து 1839இல் விவரிக்கப்பட்ட புதுச்சேரிச் சுறா இருபதுக்கும் குறைவான மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டது. இந்தியாவில் அது 1979இல் கடைசியாகப் பதிவானது. நம் ஊர்ப்பெயர் தாங்கிய ஒரு சுறா இன்னும் கடலில் இருக்கிறதா என்பதை, இறங்குதளத்தில் குவியலைக் கிளறிப் பார்ப்பவர்தான் ஒருநாள் சொல்ல முடியும்.

வன உயிரினச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டு, பாதுகாக்கப்படும் சுறா, திருக்கை இனங்களின் பட்டியலும் விரிந்தது.

துடுப்பும் இறைச்சியும்

சுறாத் துடுப்புச் சூப்புக்காகத் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிந்துவிடும் வழக்கம் உலகின் சில பகுதிகளில் இருந்தது. அதைத் தடுக்க, துடுப்பு உடலோடு ஒட்டிய நிலையில்தான் சுறாவைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் இந்தியா கொள்கை வகுத்தது. 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது.

ஆனால் தமிழ்நாட்டில் சுறாவை முழுதாகத்தான் கொண்டுவருகிறோம். சுறாப்புட்டு நம் உணவு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா சமைத்துக் கொடுப்பது நம் வழக்கம். இறைச்சிக்கு உள்ளூரிலேயே சந்தை இருக்கும் இடத்தில், துடுப்புக்குத் தடை போட்டதால் மட்டும் பிடிப்பு குறைந்துவிடாது. பிற நாட்டுக்குப் பொருந்திய மருந்தை நம் நோயைப் பார்க்காமல் தர முடியாது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

பன்னாட்டு அளவில் சைட்ஸ் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 1976இல் சேர்ந்தது. அருகிவரும் உயிரினங்கள் நாடுகளுக்கிடையே விற்கப்படுவதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் ஏறத்தாழ 100 சுறா, உழுவை இனங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலில் உள்ள இனத்தை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், அதனால் கடலில் உள்ள கூட்டத்துக்குக் கேடு வராது என்று அந்நாட்டின் அறிவியல் அமைப்பு ஆய்ந்து சொல்ல வேண்டும். இந்தியாவில் கடல் மீன்களுக்கு இதைச் செய்வது மண்டபத்தில் பிறந்த அதே நிலையம்தான். இறங்குதளத்தில் அளந்த நீளமும் எண்ணிய வளையமும் இல்லாமல் அந்த ஆய்வுரையை எழுத முடியாது.

மக்கள் சேர்ந்தபோது

சட்டம் தாளில் இருந்தால் போதாது என்பதற்கும் குசராத்தே சான்று. தடை வந்த பிறகும் பல மீனவர்களுக்கு அது தெரியவில்லை. 2004இல் இந்திய வன உயிரின அறக்கட்டளை, குசராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் ஆகியவை சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, அம்மணி உழுவையைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சித்திரித்துப் பேசினார். ‘அன்பானவள்’ என்ற பொருளில் மக்கள் அதற்கு வாலி என்று பெயரிட்டனர். வலையில் சிக்கியதை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வலைக்கான இழப்பீட்டை வனத்துறை கொடுத்தது. வேட்டையாடிய கைகளே பின்னர் நூற்றுக்கணக்கான அம்மணி உழுவைகளை விடுவித்தன.

உணர்வு, அறிவியல், இழப்பீடு மூன்றும் சேர்ந்ததால் இது நடந்தது. அறுந்த வலையின் விலையை மீனவரின் தலையில் கட்டியிருந்தால், எவ்வளவு உருக்கமாகப் பேசியும் பயன் இருந்திருக்காது.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில்: சுறா, திருக்கை, உழுவை, வேளா, சாளை ஆகியவற்றின் படங்களைக் கொடுத்து, செவுள் பிளவு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லலாம். திரைப்படம் பார்த்து, சுறா என்றாலே ஆளைத் தின்னும் மீன் என்று நினைக்கும் குழந்தைகள் இருப்பார்கள். மீன்களிலேயே மிகப் பெரிதான அம்மணி உழுவை, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

நடுநிலை வகுப்புகளில்: இரண்டு தட்டுகளில் 24 புளியங்கொட்டைகள் வீதம் வையுங்கள். ஒன்று சாளைத் தட்டு, மற்றது திருக்கைத் தட்டு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட வேண்டும், இதுதான் மீன்பிடிப்பு. பிறகு, மீதியுள்ள சாளை இரட்டிப்பாகும். திருக்கையில் மீதியுள்ள நான்குக்கு ஒன்று மட்டும் கூடும். பின்னம் வந்தால் கீழ் முழு எண்ணை எடுக்கலாம். எந்தத் தட்டும் 30ஐத் தாண்டக் கூடாது. கடலிலும் இடத்துக்கும் இரைக்கும் எல்லை உண்டு. சாளைத் தட்டு 30ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். திருக்கைத் தட்டு 20, 17, 15, 12 என்று இறங்கி, நான்காம் சுற்றில் சரிபாதியாகும்.

இப்போது விதியை மாற்றுங்கள். திருக்கையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை 25இல் நிலைத்துவிடும். மீன்பிடிப்பை நிறுத்தவில்லை, அளவை மாற்றினோம், அவ்வளவுதான். ஏன் ஐந்தில் ஒன்று என்று மாணவர்களையே கணக்கிட்டுச் சொல்லச் சொல்லலாம். விடை கிடைக்கும்போது பின்னமும் விழுக்காடும் சூழலியலும் ஒரே பாடமாகியிருக்கும்.

ஊர்ச் சந்தையையும் பயன்படுத்தலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களிலும், பள்ளி திறந்த பிறகு ஆகஸ்டிலும், வீட்டுக்கு வாங்கிய மீனின் பெயரையும் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவரச் சொல்லுங்கள். ஒரே மீனுக்கு எத்தனை பெயர், ஒரே பெயரில் எத்தனை மீன் என்பது பட்டியலில் தெரியும். விற்பவரைக் குற்றம் சாட்டும் விசாரணையாக இது மாறிவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களிடம் கற்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு அனுப்புங்கள்.

உயர்நிலை வகுப்புகளில்: 2001ஆம் ஆண்டின் நிலையை விவாதமாக நடத்தலாம். ஒருவர் தூத்தூர் மீனவர், ஒருவர் மீன் விற்கும் பெண், ஒருவர் வனத்துறை அலுவலர், ஒருவர் இறங்குதளத்தில் கணக்கெடுக்கும் ஆய்வாளர். எல்லா இனங்களையும் தடை செய்யும் அறிவிப்பு கையில் இருக்கிறது. திருத்தி எழுத அவர்களுக்கு ஐந்து மாத அவகாசம். எந்தெந்த இனத்தைப் பட்டியலில் வைப்பீர்கள்? அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்? வலையில் தானாக வந்ததை என்ன செய்வது? இழப்பை யார் ஏற்பது?

பட்டாசுத் தொழிலாளியின் மகளோ அச்சகப் பணியாளரின் மகனோ அந்த மேசையில் அமர்ந்து பேசும்போது என்ன சொல்கிறார்கள் என்பதைக் குறித்துவையுங்கள். கடலைப் பார்த்திராத பிள்ளையாக இருக்கலாம். ஆனால், மேலிருந்து வரும் ஒரு விதி வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதும், அந்த விதி எதற்காக வந்தது என்பதும் இரண்டும் தெரிந்த பிள்ளை அது.